கறுப்புக் கோட்டு காசுக்கு மட்டுமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளை இருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் பாடசாலையில் ஏ.எல். முடித்த ஒரு பிள்ளை அவளுடைய வாப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். கலைப்பிரிவு. நல்ல பெறுபேறு. வாப்பா கதிரை நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"டீச்சர், இவ லோயருக்குத்தான் படிக்கப் போறாவாம். நீங்க ஒருக்கா சொல்லிப் பாருங்க. கல்வியியற் கல்லூரிக்குப் போட்டா மூணு வருஷத்துல கையில உத்தியோகம். உங்களப் போல பாடசாலையையும் பாத்து வீட்டையும் பாத்துக்கிட்டு இருக்கலாம்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. நானே கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தவள்தான். அந்தப் பாதையைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். அது எனக்குச் சோறு தந்தது, மரியாதை தந்தது. ஆனால் அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். சில வருடங்களுக்கு முன் இன்னொரு மாணவி இதையே என்னிடம் கேட்டாள். அன்றைக்கு நான் யோசிக்காமல் சொன்னேன்: "அது நமக்குச் சரிவராது மகள். இங்கிலீஷ் வேணும், காசு வேணும், கொழும்புல தங்க இடம் வேணும். பொய்யும் சொல்லணும்." வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இன்றைக்கு அவள் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. குறை என்னில்தான். தெரியாத விஷயத்துக்குத் தெரிந்தவள் மாதிரிப் பதில் சொல்லி ஒரு பிள்ளையின் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

அதனால் இந்த முறை "பொறுங்க, நான் கொஞ்சம் விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நான் ஏன் மனம் மாறினேன் என்று சொல்ல வேண்டும்.

நான் குடியியற் கல்வி படிப்பிக்கிறேன். அடிப்படை உரிமைகள் பாடம் வரும். சமத்துவம், பேச்சுச் சுதந்திரம், சித்திரவதைக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமை என்று பிள்ளைகள் பாடமாக்கி வரிசையாக ஒப்புவிப்பார்கள். சரி போட்டு விடுவேன். ஒருநாள் பின் வாங்கில் இருந்த பையன் கேட்டான்: "டீச்சர், இந்த உரிமைய யாராச்சும் மீறினா எங்க போய்ச் சொல்றது?"

"கோர்ட்டுக்கு" என்றேன்.

"எந்தக் கோர்ட்டுக்கு டீச்சர்? யாரு கூட்டிட்டுப் போவாங்க? எவ்வளவு காசு?"

மணி அடித்தது. எனக்கு அல்ஹம்துலில்லாஹ் என்று இருந்தது. உண்மையில் எனக்கே தெரியாது. வருடக்கணக்காக அந்தப் பாடத்தைப் படிப்பித்தவள் நான்.

இரண்டாவது சம்பவம் இன்னும் கிட்ட நடந்தது. என் வகுப்புப் பிள்ளை ஒன்று அடிக்கடி பாடசாலைக்கு வராமல் நின்றது. உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலாக் ஆகி இரண்டு வருடம். இரண்டு பிள்ளைகளுக்கும் மாதா மாதம் தாபரிப்புக் கொடுக்க வேண்டும் என்று காதியார் கட்டளை போட்டிருக்கிறார். மூன்று மாதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. நிலுவை பதினான்கு மாதம். காதியாரிடம் திரும்பப் போனால், அறவிடுவதற்கு நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். "கோடு கச்சேரி ஏறாத குடும்பம் டீச்சர்" என்று அழுதார். யாரோ ஒருவர் லோயர் பிடித்துத் தருகிறேன், முதலில் பதினையாயிரம் கொண்டு வா என்றிருக்கிறார். பதினையாயிரம் இருந்தால் அந்தப் பிள்ளை ஏன் பாடசாலைக்கு வராமல் நிற்கிறது?

நானும் என் கணவரும் விசாரித்து, சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் ஒன்றுக்கு அவரைக் கூட்டிப் போனோம். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் சின்ன அறை. உள்ளே இருந்தது இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பிள்ளை. சட்டத்தரணி. காதியாரின் கட்டளைப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வருமானம் பற்றிய கடிதம், எத்தனை மாதம் பணம் வந்தது என்ற விபரம், எல்லாம் கேட்டு எழுதினா. ஆறுதலாக, நம்மட பாசையிலேயே பேசினா. லோயருக்கென்று ஒரு சதம் எடுக்கவில்லை. சில தவணைகளுக்குப் பிறகு நிலுவை தவணை முறையில் வரத் தொடங்கியது. பிள்ளை பாடசாலைக்கு வருகிறது.

வெளியே வரும்போது அந்தச் சட்டத்தரணி என்னிடம் கேட்டா: "டீச்சர், எங்களிட்ட வாற வழக்கில நிறைய உங்கட ஊர் அம்மாமார்ட. ஆனா உங்கட ஊர்ல இருந்து ஒரு பிள்ளையும் இந்த வேலைக்கு வரக் காணல்லையே?"

என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸில் வரும் வழி முழுக்க, நான் வகுப்பில் சிரிக்க வைத்த அந்த மாணவியின் முகம்தான்.

நமது ஊரில் "லோயர்" என்றால் இரண்டு படம்தான் மனதில் வரும். ஒன்று, காணி வழக்கைப் பதினைந்து வருடம் இழுத்துக் காசு பார்ப்பவர். மற்றது, அடுத்த தேர்தலில் மேடை ஏறப் போகிறவர். இரண்டும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு வெளியே, மாதச் சம்பளத்துக்கு, பொதுமக்களுக்காகச் சட்டம் செய்கிற ஒரு முழு உலகம் இருக்கிறது. அதை நமது பிள்ளைகளுக்கு யாரும் காட்டுவதில்லை. டொக்டர், இன்ஜினியர் என்றால் பள்ளிவாசல் மைக்கில் அறிவிக்கிறோம். சட்டம் என்றால் "அதுக்குப் பிறகு என்ன செய்யப் போறா?" என்று கேட்கிறோம். என்ன செய்யலாம் என்று நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

சட்ட உதவி ஆணைக்குழு. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வதும் வழக்காடுவதும் அதன் வேலை. தாபரிப்பு, விவாகரத்து, காணி, பிணை என்று ஏழை வீட்டுப் பிரச்சினைகள்தான் அதிகம் வரும். மேலே சொன்ன பிள்ளை இருப்பது இங்கேதான்.

சட்டமா அதிபர் திணைக்களம். அரசாங்கத்தின் லோயர் இவர்தான். மேல் நீதிமன்றத்துக்குப் போகும் பாரிய குற்ற வழக்குகளில் குற்றப்பத்திரிகை எழுதுவதும், அரச நிறுவனங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதும் இங்கே. உள்ளே இருப்பவர்கள் அரச சட்டவாதிகள். ஒருவரை வழக்குக்கு இழுப்பதா விடுவதா என்ற முடிவு இந்த மேசைகளில்தான் எழுதப்படுகிறது. 2019 இற்குப் பிறகு உள்ளே போன நமது இளைஞர்களின் குடும்பங்கள் எத்தனை மாதம் "கோப்பு ஏஜீக்குப் போயிருக்கு" என்ற ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டு இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கோப்பைத் தமிழில் வாசித்து விளங்கக் கூடிய, நமது வாழ்க்கை தெரிந்த ஒருவர் அங்கே இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. நமக்குச் சலுகை தர அல்ல. நாம் ஓதுகிற கிதாபுக்கும் தீவிரவாதப் புத்தகத்துக்கும் வித்தியாசம் தெரிவதற்கு.

சட்ட வரைஞர் திணைக்களம். நாட்டில் வரும் சட்டமூலங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வருகின்றன. அதை எழுதும் இடம் இது. நல்ல தமிழும் நல்ல ஆங்கிலமும் ஒன்றாகத் தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய வேலை எது? தமிழ்ப் பாடத்துக்கு ஏ எடுத்த பிள்ளையிடம் "தமிழ் படிச்சு என்ன செய்யப் போறா" என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை வாசியுங்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம். கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டை விசாரிப்பது, பொலிஸ் நிலையங்களையும் தடுப்பிடங்களையும் போய்ப் பார்ப்பது எல்லாம் இதன் வேலை.

நீதிச் சேவை. சட்டத்தரணியாகச் சில வருடம் தொழில் செய்த பிறகு, நீதிச்சேவை ஆணைக்குழு நடத்தும் போட்டிப் பரீட்சை எழுதி நீதவானாகலாம். அரசியல்வாதியின் கடிதம் தேவையில்லை. படிப்புத்தான் தேவை.

இவை தவிர அமைச்சுகள், மாகாண நிர்வாகம், உள்ளூராட்சி சபைகள், அரச வங்கிகள், கூட்டுத்தாபனங்கள் எல்லாவற்றிலும் சட்ட உத்தியோகத்தர் பதவி உண்டு. இலஞ்ச ஊழல் ஆணைக்குழு உண்டு. தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு உண்டு. நீதிமன்றப் பதிவாளர், மொழிபெயர்ப்பாளர் வேலைகள் உண்டு. வடக்கு கிழக்கில் தமிழும் நீதிமன்ற மொழி. ஆனால் கொழும்புக்குப் போனால், தன்னுடைய வழக்கில் என்ன பேசப்படுகிறது என்றே விளங்காமல் கூண்டில் நிற்கும் நமது ஆட்கள் எத்தனை பேர்? அங்கே ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் பாதி லோயருக்குச் சமம்.

இனி, தனியாகத் தொழில் செய்துகொண்டே பொதுநல வழக்குப் பேசுபவர்கள். இவர்களைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாக அறிந்திருக்கிறோம்.

எப்பாவல என்று அநுராதபுர மாவட்டத்தில் ஒரு ஊர். அங்கே பொஸ்பேட் கனிமத்தைத் தோண்ட ஒரு அமெரிக்கக் கம்பனியோடு அரசாங்கம் ஒப்பந்தம் போட இருந்தது. வயல் போகும், குளம் போகும், ஊர் போகும். அந்த ஊர் விவசாயிகளும் ஒரு விகாரையின் பிக்குவும் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. முறையான சுற்றாடல் ஆய்வு இல்லாமல் அந்த ஒப்பந்தத்தோடு முன்னே போக முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு கிராமம், ஒரு அரசாங்கம், ஒரு பெரிய கம்பனி. கிராமம் நின்றது. சில சட்டத்தரணிகள் அந்த மக்களுக்காக உட்கார்ந்து எழுதினார்கள் என்பதால் அது நடந்தது.

நம்முடைய அனுபவத்துக்கு வருவோம். கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை எரித்ததை யாரும் மறக்கவில்லை. அதற்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுக்கள் போயின. முஸ்லிம்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவர்களும் மனுச் செய்தார்கள். வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த சட்டத்தரணிகள் ஆஜரானார்கள். 2020 டிசம்பர் 1 ஆம் திகதி, விசாரணைக்கு எடுக்காமலேயே பெரும்பான்மைத் தீர்ப்பில் தள்ளுபடி செய்யப்பட்டது. அன்றைக்கு நமது வீடுகளில் அடுப்பு எரியவில்லை. 2021 பெப்ரவரியில்தான் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

"அப்ப வழக்குப் போட்டு என்ன பிரயோசனம்?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். வழக்கு தோற்றது உண்மை. அதை வெற்றி என்று பூசி மெழுக மாட்டேன். ஆனால் விஞ்ஞானம் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று தாளில் எழுதி நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். நாளைக்கு ஒரு பிள்ளை அந்தக் காலத்தைப் படித்தால், இந்தச் சமூகம் அழுதது மட்டுமல்ல, கேட்டது என்றும் தெரியவரும். வட்ஸ்அப்பில் நாம் போட்ட ஆயிரம் வொய்ஸ் மெசேஜில் ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா?

இன்னொரு சம்பவம். 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு உடுத்தியதற்காகக் கைதானார். தர்மச் சக்கரம் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியல். எந்தச் சட்டத்தில் தெரியுமா? மனித உரிமையைப் பாதுகாக்க 2007 இல் கொண்டு வந்த ஐ.சீ.சீ.பீ.ஆர். சட்டத்தில். நல்ல சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அதை வாசிக்கத் தெரிந்தவர், "இது அதற்கல்ல" என்று எழும்பிச் சொல்லத் தெரிந்தவர், முதல் நாளே அந்தப் பொலிஸ் நிலையத்தில் வேண்டும்.

நம்மட அம்பாறைப் பக்கமே பாருங்கள். சுனாமிக்குப் பிறகு சவூதியின் உதவியில் நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள். யாருக்குக் கொடுப்பது என்று உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போன பிறகு, வருடக்கணக்காகப் பூட்டியே கிடந்து காடு மண்டியதைக் கண்ணால் பார்த்தோம். அந்த வழக்கில் யார் சரி, யார் பிழை என்று இங்கே பேச வரவில்லை. நாம் சட்டத்தைத் தேடிப் போகாவிட்டாலும் சட்டம் நம்மைத் தேடி வரும் என்பதற்காகச் சொல்கிறேன். அப்போது ஆள் தேடி ஓடுவதா, முன்கூட்டியே ஆள் உருவாக்குவதா?

சரி, எப்படிப் போவது?

ஒரு வழி பல்கலைக்கழகம். கொழும்பு, யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்கலாம். இஸட் ஸ்கோர் பார்த்து எடுப்பார்கள். கட்டணம் இல்லை. இன்னொரு வழி புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. 1874 இல் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் நுழைவுப் பரீட்சை. தமிழிலும் எழுதலாம். மொழிப் பத்திரம் ஒன்று, பொது அறிவும் நுண்ணறிவும் ஒன்று. ஏ.எல்லில் மூன்று சித்தி வேண்டும், ஓ.எல்லில் தாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் திறமைச் சித்தி கேட்பார்கள். ஆகவே ஓ.எல். பிள்ளைகளே, ஆங்கிலத்தில் "எஸ் காணும்" என்று விடாதீர்கள். விண்ணப்பிக்கும்போது அந்த வருட அறிவித்தலை வரிக்கு வரி வாசியுங்கள். மூன்றாவது வழி திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டம். வேலை செய்துகொண்டே படிக்கலாம். பட்டம் எடுத்தாலும் சட்டத்தரணியாவதற்குச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகள் எழுதி, பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். நீண்ட பாதைதான். டொக்டர் பாதை மட்டும் குறுகியதா என்ன?

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதியை 2023 இல் பாராளுமன்றம் நிராகரித்தது. அதற்காக ஆங்கிலம் தேவையில்லை என்று யாரும் மகிழ வேண்டாம். தீர்ப்புகள், சட்டப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சிங்களம் தெரியாவிட்டால் பொலிஸ் வாக்குமூலம் விளங்காது. நமது பிள்ளைக்கு மூன்று மொழியும் வேண்டும். ஆனால் அது பயந்து ஓடுவதற்குக் காரணம் அல்ல, ஆறாம் ஆண்டிலேயே தொடங்குவதற்குக் காரணம்.

அடுத்து, நான் கேட்ட ஆட்சேபணைகள்.

"பொய் சொல்ற தொழில்." ஒருகாலம் நானே சொன்னது. பொய் சொல்பவர் எந்தத் தொழிலிலும் பொய் சொல்வார். கடையில் நிறுவையிலும் பொய் இருக்கிறது, அதற்காக வியாபாரத்தை ஹராம் என்று சொல்கிறோமா? பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகப் போனாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று சூரா நிஸாவில் நமக்குக் கட்டளை இருக்கிறது. அதற்கு ஒரு தொழில் பெயர் வைத்தால் என்ன பெயர் வைப்பீர்கள்?

"அரச வேலையில லோயருக்குச் சம்பளம் குறைவு." உண்மை. புதுக்கடையில் பெரிய வழக்குப் பேசுபவரோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் டீச்சர் சம்பளத்தில் பிள்ளை வளர்க்கிற என்னிடம் இதைச் சொல்லாதீர்கள். மாதம் முடிய வரும் சம்பளம், ஓய்வூதியம், கூடவே மரியாதை. இதற்காகத்தானே மகளைக் கல்வியியற் கல்லூரிக்கு அனுப்பச் சொல்கிறீர்கள்?

"பொம்புளப் பிள்ளை கோர்ட்டுக்குப் போறதா?" இதற்குத்தான் நான் கொஞ்சம் கோபப்படுவேன். தாபரிப்புக் கேட்டுப் போகிறவர் பெண். அடி வாங்கிப் பொலிஸுக்குப் போகிறவர் பெண். அவள் தன் வீட்டுக் கதையை, உடம்பில் உள்ள காயத்தை, ஒரு ஆணிடம் சொல்லச் சொல்கிறோம். அவள் பாதியை விழுங்கிவிடுகிறாள். பாதிக் கதையோடு போன வழக்கு பாதியில் விழுகிறது. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராக முடியாது என்பது 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் உள்ள நிலை. அந்தச் சட்டத்தை எப்படித் திருத்துவது என்று 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை வந்தது 2018 இல். இன்றும் நாம் அதைப் பற்றி மேடை மேடையாகச் சண்டை பிடிக்கிறோம். நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மார்க்கமும் தெரிந்து, சட்டமும் தெரிந்து, கிராமத்துப் பெண்ணின் நிலையும் தெரிந்தவர்கள் நம்மிடம் எத்தனை பேர்? அந்த மூன்றும் தெரிந்த பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் உருவாகும் வரை, நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். பிறகு அதை எதிர்ப்போம்.

"படிச்சு வந்து நம்மட ஆக்களுக்கு மட்டும் பேசணும்." இதுவும் சரியல்ல. அன்றைக்கு நம்மட உம்மாவுக்கு உட்கார்ந்து எழுதியது ஒரு தமிழ்ப் பிள்ளை. எப்பாவலக்காரருக்காகவும் நமது பிள்ளை பேச வேண்டும். தோட்டத்துத் தொழிலாளிக்காகவும் பேச வேண்டும். பொதுநலம் என்ற சொல்லில் "பொது" இருக்கிறது.

நமக்கு இது புதிதும் அல்ல. 1905 இல் எம்.சீ. அப்துல் காதர் என்ற முஸ்லிம் சட்டத்தரணியிடம் பிரதம நீதியரசர் லேயார்ட், துருக்கித் தொப்பியைக் கழற்றாமல் வழக்குப் பேச முடியாது என்றார். அவர் தொப்பியைக் கழற்றவில்லை, நீதிமன்றத்தை விட்டு வெளியே போனார். அந்த வருடம் டிசம்பர் 31 ஆம் திகதி மருதானையில் பெரும் கூட்டம் கூடியது. பின்னர் அனுமதி கிடைத்தது. ஒரேயொரு சட்டத்தரணி அங்கே நின்றதால்தான் அந்தக் கேள்வியே எழுந்தது. அவர் அங்கே இல்லாதிருந்தால் தொப்பியும் இல்லை, கேள்வியும் இல்லை.

இனி என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம்.

பெற்றோரே, பிள்ளை சட்டம் என்று சொன்னால் உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒரு வாரம் விசாரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, பைத்துல் மாலில் இருந்து வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு, ஒரே ஒரு பிள்ளைக்கு, கொழும்பில் தங்கிப் படிக்கும் செலவைப் பொறுப்பெடுங்கள். வீட்டுக்குக் கூரை போடுவது ஸதகா என்றால், ஊருக்கு ஒரு சட்டத்தரணியை உருவாக்குவதும் ஸதகாதான். கட்டார், சவூதியில் இருக்கும் சகோதரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஊரில் இருக்கும் சட்டத்தரணிமாரே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஏ.எல். பிள்ளைகளிடம் வாருங்கள். உங்கள் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள். மேடை, பொன்னாடை கிடைக்காது. தேத்தண்ணி தருவோம்.

ஆசிரிய நண்பர்களே, நம்மிடம்தான் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். உரிமைகளைப் பாடமாக்க மட்டும் வைக்காமல், அடுத்த வரியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். அரச நிர்வாகம் அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்து, நமது றோட்டுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று ஒரு விண்ணப்பம் எழுதிப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்குச் சட்டத்தில் ஆர்வம் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

பின் வாங்குப் பையன் கேட்ட கேள்விக்கு நான் இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். அவன் பாடசாலையை விட்டுப் போய்விட்டான். அவனுக்குச் சொல்ல முடியவில்லை என்ற கவலை இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் நேற்று மீண்டும் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டீச்சர், கொழும்புல பொம்புளப் பிள்ளைக்குத் தங்க நல்ல இடம் இருக்கா?" என்று கேட்டார். அது மறுப்பு அல்ல. ஒரு வாப்பாவின் நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொழும்பில் நம்பிக்கையான விடுதி தெரிந்தவர்கள், அங்கே படித்த, படிக்கிற சகோதரிகள் யாரும் இருந்தால் கொமெண்டில் அல்லது இன்பொக்ஸில் எழுதுங்கள். அவசரம். விண்ணப்பத் திகதி காத்துக்கொண்டு இருக்காது.

அவள் போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "டீச்சர், நான் படிச்சு முடிச்சு வந்தா அந்தச் சின்ன அறையில வேலை தருவாங்களா?"

"பரீட்சை எழுதி வா மகள். அறை அங்கதான் இருக்கும்" என்றேன்.

துஆச் செய்யுங்கள்.